கறுப்புக் கயிறும் கனத்த ஸ்டியரிங்கும்

முனியாண்டி கோயில் கறுப்புக் கயிறுதான் எங்க வேன் ஸ்டியரிங்கக் கெடுத்துடுச்சாம். சர்வீஸ் சென்டர்ல அப்படித்தான் சொன்னாங்க. இப்ப நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது.

அந்த வேன வாங்கினதே என் வீட்டுக்காரருக்காகத்தான். அவருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துல மூணு நாள் புலாவ் செபாங்லருந்து மலாக்காவுக்கு டயாலிசிஸுக்குப் போகணும். திரும்பி வர்றப்ப ஆளு துவண்டு போயிருப்பாரு, சீட்டச் சாய்ச்சுக்கிட்டுதான் வருவாரு. ஓட்டறது நான். வேன் வந்த அன்னிக்கே எஸ்டேட் கோயிலுக்குக் கொண்டுபோயி நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினோம். பூசாரி ஸ்டியரிங்குக்குக் கீழ கயிறு கட்டி விட்டாரு. நம்ம ஆளுங்கள்ல யாரு கட்டாம விட்டாங்க?

வாரண்டி முடிய இன்னும் கொஞ்ச மாசந்தான் இருக்கு, அப்பத்தான் சனியன் ஆரம்பிச்சது. போற வழியில அலோர் காஜா தாண்டி வேன் நல்லா சூடானதும் டேஷ்போர்டுல மஞ்ச லைட்டு எரியும். உடனே ஸ்டியரிங் கல்லாட்டம் ஆயிடும், ரெண்டு கையாலயும் தொங்கி இழுக்கணும். ஒருநாள் வளைவுல எதிர்ல எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏத்தின லோரி. மயிரிழையில தப்பிச்சோம். "இவ்வளவு ஊசி குத்திப் பொழச்சது லோரில அடிபடவா?"ன்னு கேட்டுட்டுச் சிரிச்சாரு அவரு. எனக்குச் சிரிப்பு வரல. அதுலருந்து அந்த வளைவு வந்தாலே, தூங்கற மனுஷன் கூட எழுந்து மேல இருக்கற கைப்பிடியப் பிடிச்சுக்குவாரு.

நான் நேரா சர்வீஸுக்குப் போனேனா? அதுதான் இல்ல. புருஷன ராஜா மாதிரி வேன்ல கூட்டிட்டுப் போறாளேன்னு எவ கண்ணோ பட்டுடுச்சுன்னு பூசணிக்கா சுத்தி ஒடச்சேன். பழைய கயிறு மேலயே இன்னொரு கயிறும் கட்டினேன். திருஷ்டி கழிஞ்சுதோ இல்லையோ, ஸ்டியரிங் அப்படியேதான் இருந்துச்சு.

அப்புறந்தான் மலாக்காவுல தெங்கேரா பக்கம் இருக்கற சர்வீஸ் சென்டருக்குப் போனேன். காலையில விட்டா மத்தியானம் வரைக்கும் வரிசையில நிக்கும். அதுக்குள்ள வேன் ஆறிப் போயிடும், லைட்டும் அணைஞ்சிடும். காம்பவுண்டுக்குள்ளயே ஒரு ரவுண்டு ஓட்டிட்டு, "ஒண்ணும் இல்ல ஆண்டி"ம்பாங்க. சூடானாத்தான் வரும்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். யாரு கேட்டா? மறுபடி போனப்ப மெனேஜரே குனிஞ்சு பார்த்தாரு. கயிறு கண்ணுல பட்டுச்சு. வெளிப் பொருள் சேர்த்திருக்கீங்க, அதான் கோளாறு, வாரண்டி தா போலே லா, முடியாதுன்னுட்டாரு. போதாததுக்கு, "ஆண்டிக்குக் கையில பலம் இல்லாம இருக்கலாம்"னு ஒரு வார்த்த.

கேக்கிறவன் கேனயனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்களாம்! ரப்பர் எஸ்டேட்டுல பால்மரம் சீவின கையி இது. இதுக்கா பலம் இல்ல?

அடுத்த டயாலிசிஸ் அன்னிக்கு அவர டயாலிசிஸ் சென்டர் வாசல்ல எறக்கி விட்டேன். இஞ்சின நிறுத்தல. மஞ்ச லைட்டு எரிய எரிய நேரா சர்வீஸ் சென்டருக்குப் போயி, கேட்டுக்குக் குறுக்க வேனப் போட்டு ஹார்ன அமுக்கினேன். உள்ள இருந்தவங்க எல்லாம் ஓடி வந்தாங்க, மெனேஜரும் வந்தாரு. "ஆண்டி, வேன ஓரமாப் போடுங்க"ன்னாரு.

"போட மாட்டேன். நீ வந்து போடு."

முனியாண்டி, கோச்சுக்காதப்பான்னு மனசுல சொல்லிக்கிட்டு, கொண்டு போயிருந்த கத்திரிக்கோலால ரெண்டு கயிறையும் வெட்டினேன். மெனேஜர் கையிலயே வச்சேன். "இந்தா, நீ சொன்ன கோளாறு. எடுத்தாச்சு. இப்ப ஓட்டு."

பின்னால ரெண்டு காரு ஹார்ன் அடிக்குது. வேற வழியில்லாம ஏறினாரு. நானும் பக்கத்துல ஏறிக்கிட்டேன். தெங்கேராவோட குறுகல் ரோட்டுல மொத திருப்பத்துலயே ஆளு பல்லக் கடிச்சாரு. இழுக்கறாரு, இழுக்கறாரு, வேன் எதிர் கடை முன்னால இருக்கற அஞ்சடி நடைபாதைய நோக்கிப் போகுது. பிரேக்க மிதிச்சு நிறுத்திட்டு, முகத்தத் தொடச்சுக்கிட்டாரு. "இதுலயா நோயாளிய ஏத்திட்டுப் போறீங்க?"ன்னு கேட்டாரு.

"ஆமா. கையில பலம் இல்லாம."

அவரு மெதுவா வேன சர்வீஸ் சென்டருக்கே திருப்பினாரு. வாரண்டியிலயே ஸ்டியரிங் மோட்டார மாத்திக் கொடுத்தாங்க. வேன் எடுக்கப் போனப்ப மெனேஜர், "கயிறு மட்டும் வேணாம் ஆண்டி"ன்னாரு. நான் கைப்பையிலருந்து புதுக் கயிற எடுத்து, அவரு கண்ணு முன்னாலயே குனிஞ்சு கட்டினேன். நாலு எலுமிச்சம்பழமும் கொண்டு போயிருந்தேன். அவங்க பளபளன்னு வச்சிருந்த வாசல்லயே நசுக்கிட்டுத்தான் கெளம்பினேன்.

அடுத்த தடவ டயாலிசிஸ் முடிஞ்சு அவர ஏத்திக்கிட்டு வந்தேன். வேன் நல்லா சூடாயிருந்துச்சு, லைட்டு எரியல. அந்த வளைவு வந்துச்சு. எதிர்ல ஒரு லோரி. ஒரு கையாலயே திருப்பினேன். திரும்பிப் பார்த்தேன், அவரு கை ரெண்டும் மடியிலயே கெடந்துச்சு. வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்கறாரு மனுஷன்.

வீடு வர்ற வரைக்கும் நான் எழுப்பல.