அஞ்சு கட்டை அண்ணி

எனக்கும் என் அண்ணிக்கும் ஆகாது என்று தெருவில் ஒரு பேச்சு. பாதி உண்மைதான். அவள் மேடைக்குப் போடும் கவுன்களையெல்லாம் தைப்பவள் நான். அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக நிற்பாள். பாடும்போது தையல் பிரிந்தால் என்னைத் திட்டுவாள். அப்புறம் எப்படி ஆகும்? ஆனால் அவள் பாட ஆரம்பித்தால் என் கோபமெல்லாம் போன இடம் தெரியாது. அதுவும் உண்மைதான்.

பஸ் நிலையத்து ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்வதுதான் அவளுடைய முதல் வேலை. மற்றவர்கள் ஊர்ப் பெயர்களை மளிகைச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோல வாசிப்பார்கள். இவள் ஒவ்வொரு பெயரையும் இழுத்து, தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி, கடைசியில் லபக்கென்று வந்து பிடிப்பாள். கேட்டுக்கொண்டே நின்று பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் என் அண்ணன். ஒரு ஹோட்டலில் ஞாயிறு மதியங்களில் ஜாஸ் வாசிக்கும் குழுவின் பியானோக்காரர். நேராக அறிவிப்பு அறைக்குப் போய், “உங்களால என் பஸ் போச்சு. பதிலுக்கு எங்க குழுவுல ஒரு பாட்டாவது பாடுங்க” என்றாராம். பாடினாள். அடுத்த வருஷம் கல்யாணம். அண்ணனுக்கு இவ்வளவு சாமர்த்தியம் உண்டென்று வீட்டில் அதுவரை ஒருவருக்கும் தெரியாது.

ஜாஸில் ஒரே பாட்டை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி பாடலாம், வாசிக்கலாம். ஆனால் எல்லாரும் ஒரே சுருதியில் நின்றாக வேண்டும். எத்தனை கட்டைச் சுருதி என்று மேடையில் பேசிக்கொண்டிருக்க முடியாது. அண்ணி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரலைக் காட்டுவாள். எப்போதும் ஐந்து விரல்தான். அந்த உயரத்தில் நின்று, மூச்சு வாங்காமல், சிரித்த முகத்தோடு பாட அங்கே வேறு ஆள் கிடையாது. அதனால்தான் அவளுக்கு ‘அஞ்சு கட்டை’ என்று பெயர். ஒரே ஒரு இசைத்தட்டு வெளிவந்தது. அதிலும் நடுவில் டிரம்ஸ்காரர் தும்மிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குத் ‘தும்மல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“அஞ்சு எட்டலைன்னா அன்னைக்கே மைக்கை வெச்சிடுவேன். கீழ இறக்கிப் பாடி, ‘பாவம், வயசாச்சு’ன்னு எவனும் உச்சுக்கொட்ட வேண்டாம்” என்பாள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. சொன்னால் செய்கிற ஜென்மம்.

ஐம்பது தாண்டியபோது தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். சில மாதம் அவள் பேசவே கூடாது. திட்ட ஆளில்லாமல் எனக்குத் தையலே ஓடவில்லை. பிறகு ஒரு ஞாயிறு மேடையேறி, ஐந்து விரலைக் காட்டி, பாடிவிட்டு இறங்கினாள். “பாத்தியாடி? அஞ்சு எங்கேயும் போகலை!” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அண்ணன் பியானோவை மூடிவிட்டுக் கூரையைப் பார்த்தார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மூன்று வருஷம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒருநாள் கார்க் கதவில் அண்ணனின் இடது கை மாட்டிக்கொண்டது. அந்த ஞாயிறு அவருக்குப் பதிலாக இசைப்பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். அண்ணன் கைக்கட்டோடு என் பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தார். அந்த ஆசிரியையிடம் எதையோ சொல்ல எழுந்தார். “உக்காருங்க! அடிபட்டும் சும்மா இருக்க முடியலையா?” என்று அண்ணி மைக்கிலேயே அதட்டினாள். கூடம் சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி ஐந்து விரலைக் காட்டினாள். ஆசிரியை ஐந்தில் தொடங்கினார். பேஸ் கிடார்க்காரரும் சாக்ஸபோன்காரரும் பழக்கதோஷத்தில் நான்கில் தொடங்கினார்கள். ஐயோ, அந்தச் சத்தம்! தகர டப்பாக்களை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி இருந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள்.

“நான் அஞ்சுதானே காட்டினேன்? நீங்க ரெண்டு பேரும் ஏன் நாலுல வாசிக்கிறீங்க?” என்று கேட்டாள் அண்ணி.

சுருதியே தேவைப்படாத தும்மல்தான் வாயைத் திறந்தார்: “அக்கா, உங்க ஆபரேஷன்லேர்ந்து நாலுதானே! அண்ணன் சொல்லித்தான்…”

முழுப் பூசணிக்காயை மூன்று வருஷம் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். அண்ணி மைக்கைத் தாங்கியில் வைத்தாள். நான் தைத்த கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூடத்தின் நடுவே நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். இனிமேல் அவள் பாட மாட்டாள் என்றே நினைத்தேன்.

அந்த வாரம் முழுக்க அவள் அண்ணனோடு பேசவில்லை. சனிக்கிழமை காலை நான் பித்தான் தைக்கிற சாக்கில் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இந்தச் சண்டையைப் பார்க்காமல் எனக்கு எங்கே தூக்கம் வரும்?

“ஊரெல்லாம் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க” என்று கடைசியில் வெடித்தாள். “ஏன் இப்படிப் பண்ணீங்க?”

“நீ நிறுத்திட்டா நான் யாருக்கு வாசிப்பேன்?” என்றார் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் கலங்கிவிட்டது; ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன்.

அண்ணி போய் வீட்டுப் பியானோவின் மூடியைத் திறந்தாள். பிறகு, “வலது கை நல்லாத்தானே இருக்கு? வாங்க, உக்காருங்க. நாலு வேண்டாம், அதுலயும் மேல போறப்ப இழுத்துப் பிடிக்குது. மூணுல வாசிங்க” என்றாள்.

அண்ணன் ஒற்றைக் கையால் வாசித்தார். அவள் பாடினாள். அடடா! அந்தக் குரலில் அத்தனை பாரமும் இதமும் இருந்ததை அதுவரை நான் கேட்டதே இல்லை. அந்த நாள் பஸ் நிலையத்துப் பெண் மாதிரி அவசரமே இல்லாமல் இழுத்தாள். ஒரு இடத்திலும் பிசிறில்லை. பாடி முடித்தவளுக்கே ஆச்சரியம் தாங்கவில்லை.

“நாளைக்கு இதுலதான் பாடப்போறேன். உச்சுக்கொட்டறவன் கொட்டிட்டுப் போகட்டும்” என்றாள். உடனே அண்ணன் பக்கம் திரும்பி, “இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா மூணு வருஷமா இப்படிப் பாடியிருப்பேனே, மனுஷா!” என்று பொரிந்தாள்.

நான்தான் சொன்னேன்: “அன்னைக்குச் சொல்லியிருந்தா நீங்க மைக்கை வெச்சிருப்பீங்க, அண்ணி.”

என்னை முறைத்தாள். அப்புறம் பியானோ இருக்கையில் அண்ணனை இடித்துத் தள்ளி, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆமாடி, வெச்சிருப்பேன்” என்றாள்.