குமிழி ஏறும் திசை

தேனியில் கம்பம் பஸ் ஏறியபோது, காதோரம் நரைத்த ஒரு பெண் பக்கத்து சீட்டில் இருந்தாள். தண்ணீர் பாட்டிலைச் சாய்ப்பதும் குமிழி மேலேறுவதைப் பார்ப்பதுமாகவே வந்தாள். குடிக்கவில்லை.

“என்னம்மா, தண்ணி சரியில்லையா?” என்றேன்.

சிரித்தாள். விண்வெளி நிலையத்துச் சோதனைகளில் கோளாறு வந்தால், தரையிலிருந்து வழி சொல்வதுதான் அவள் வேலையாம். ஒருமுறை அங்கே நாற்றுப் பெட்டிக்குத் தண்ணீர் போகும் குழாயில் காற்று அடைத்துக்கொண்டது.

“நாத்து வாடுதேங்கிற பதட்டத்துல, எங்க திராட்சைத் தோட்டத்துக் குழாய் மாதிரி நெனச்சு, ‘தூக்கிப் பிடிங்க, காத்து மேல வந்துரும்’னுட்டேன்க்கா. அப்புறம் அங்கன மிதந்துக்கிட்டிருந்தவக மெதுவா, ‘மேலன்னா எந்தப் பக்கம்?’னு கேட்டாக. வெக்கமாப் போச்சு.”

“அப்புறம்?”

“குழாயக் கழட்டி, முனைய மூடிக் கையில பிடிச்சு வீசிச் சுத்தச் சொன்னேன். தண்ணி ஒரு பக்கம், காத்து ஒரு பக்கம் ஒதுங்கிருச்சு. நாத்து பிழைச்சிருச்சுக்கா.”

சின்னமனூரில் இறங்கிப் போய்விட்டாள். பெயரைக்கூடக் கேட்கவில்லை. சில வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றும் பஸ்ஸில் தாகம் எடுத்தால், முதலில் பாட்டிலைச் சாய்த்துப் பார்க்கிறேன். குமிழி தவறாமல் மேலே ஏறிவிடுகிறது. அதன் பிறகுதான் குடிக்க மனம் வருகிறது.