மூன்று சொட்டு மஞ்சள்

ஸ்கூட்டரை விற்றுத் தலைமுழுகிவிடுவது என்று அவள் முடிவு செய்த ஞாயிற்றுக்கிழமை, புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசி நான்கு நாள் ஆகியிருந்தது. புதன்கிழமை மின்சார மீட்டர் பார்க்க வந்த ஆளிடம் கூட அவர் தன் கதையை ஆரம்பித்துவிட்டார். "கார் ஒண்ணு வந்து இடிச்சுட்டு நிக்காமப் போயிடுச்சுங்க." அந்த ஆள் பாவம், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தான். அவன் படி இறங்கியதும் அவள் வெடித்தாள்.

"போதும்ங்க. எட்டு மாசமா இதே காரு. அதுக்கு நம்பரும் இல்ல, ஓட்டின ஆளும் இல்ல. உங்க கண்ணுக்கு மட்டும் தெரிஞ்ச காரு."

"அப்ப நீயும் நம்பல."

அவள் ரசீதை மடித்துக்கொண்டு உள்ளே போனாள். அதுவே பதில் என்று அவருக்கும் தெரிந்தது.

அவர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன் ஒரு மழை விடியலில், முதல் பஸ்ஸை எடுக்க ஸ்கூட்டரில் கிளம்பியவர் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. பேப்பர் போடுகிறவர் பார்க்கும்போது வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, மழைத் தண்ணீரில் கிடந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "தலைசுத்தல் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அவள் யோசித்தாள். காலையில் எழுந்திருக்கும்போது இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். "ரெண்டு தடவை" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அந்தக் காகிதம் டிப்போவுக்குப் போனது. தலை சுற்றுகிறவன் கையில் ஐம்பது உயிரை யார் கொடுப்பார்கள்? கால் கூடிய பிறகும் ஸ்டியரிங் கிடைக்கவில்லை. டிப்போ வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். போகிற பஸ், வருகிற பஸ் நம்பரை நோட்டில் எழுத வேண்டும். அவருக்கு அடுத்து வேலையில் சேர்ந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்கள்.

அவளுக்கு வேலை, அடிபட்ட கார்களைச் சரிசெய்யும் ஒர்க்‌ஷாப்பில் பெயிண்ட் கலப்பது. கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. மூன்று பக்கமும் டப்பாக்கள். நடுவில், மூச்சு விட்டாலே எண் மாறும் ஒரு தராசு. அங்கே அவளுக்குக் 'கிராம் அக்கா' என்று பெயர். "அக்கா, டீக்கு சர்க்கரை எத்தனை கிராம் போடட்டும்?" என்று நசுங்கல் எடுக்கும் டிங்கர் நக்கலடிப்பார். "உன் வாய்க்கு பிரைமர் அடிச்சு மூடுறேன், இரு" என்பாள்.

காரின் கதவோரம் ஒட்டியிருக்கும் தகட்டில் கலர் நம்பர் இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் எது எத்தனை கிராம் என்று வந்துவிடும். அந்தக் கணக்குப்படி ஊற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்த அன்று வண்டி எப்படி இருந்தது என்றுதான் அந்த நம்பர் சொல்லும். பத்து வருஷம் வெயிலில் நின்றபின் எப்படி இருக்கிறது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். ஒரு அட்டையில் அடித்து, காய்ந்ததும் கதவோடு ஒட்டிப் பிடித்து, நேராகப் பார்த்து, சாய்த்துப் பார்த்து, ஒரு சொட்டு கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் என்று அதன் பின்னாலேயே அலைய வேண்டும். அப்படி அலைந்து பிடித்த கலர், வேலை முடிந்ததும் கலக்கும் கப்பின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அதைக் கழிவு டின்னில் கொட்டச் சொல்வார்கள். கொட்ட அவளுக்கு மனசு வராது. மருந்து பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

பொம்மைக் கார் அடிப்பது அப்படித்தான் தொடங்கியது. ஒரு சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக் கார்கள், பாகம் பாகமாகப் பெட்டியில் வரும். முதல் காருக்கு அடிப்பூச்சான பிரைமர் அடிக்காமல் நேரே பெயிண்டை அடித்துவிட்டாள். நிஜக் காரின் பெயிண்ட் அல்லவா, பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது. கூரை பாலாடை மாதிரி சுருங்கிப் போனது. அதற்கப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, தேய்த்து, பிரைமர் அடித்து, காற்றால் பெயிண்டைத் தெளிக்கும், பேனா கனமே உள்ள ஏர்பிரஷ்ஷில் மெல்லிய மூன்று பூச்சு, மேலே பளபளப்புக்குக் கிளியர் என்று கை பழகிவிட்டது. பின்பக்க பால்கனியில் கம்ப்ரசர் டுர்ரென்று ஓடும். "கையகல வண்டிக்கு நாலு நாளா? அதுக்குள்ள நான் ஊரையே மூணு சுத்து சுத்திட்டு வந்துடுவேன்" என்பார் அவர். அப்போதெல்லாம் அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கேலி வீட்டில் புழங்கியது.

சின்னப் பொருளில் கலர் கொஞ்சம் இருட்டாகத் தெரியும் என்று, இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் சிலர் வெள்ளை கலந்து அடிப்பார்கள். அவள் செய்ய மாட்டாள். கப்பில் இருந்தது எதுவோ அதுதான் காரின் மேல் ஏற வேண்டும். அடிப்பாகத்தில் ஊசிமுனைப் பேனாவால் வேலை நம்பரும் கலந்த தேதியும் எழுதுவாள். அலமாரியில் நாற்பத்தொரு கார் இருந்தது. நாற்பத்திரண்டாவது, அதே தெருவில் நாலு வீடு தள்ளி, அவள் அண்ணி என்று கூப்பிடும் அவருடைய அக்கா வீட்டு டி.வி. மேசைமேல் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டர்மேல் எட்டு மாதமாகக் கிடந்த தார்ப்பாயை உருவினாள். சிவப்பு ஸ்கூட்டர். விற்கிற பொருளைத் துடைத்துக் கொடுக்கலாம் என்று, துணியைப் பெயிண்ட் கறை கரைக்கும் தின்னரில் நனைத்துக்கொண்டு குனிந்தாள். பின்பக்கப் பேனலின் மூலையில் பிளாஸ்டிக் நசுங்கியிருந்தது. நசுங்கின இடத்தில் பாதி விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு இழுப்பு.

துணி அந்த இழுப்புக்கு இரண்டு அங்குலம் முன்னால் நின்றது.

ஒரு தேய்ப்பு தேய்த்திருந்தால் போயிருக்கும். அவள் துணியைத் தூரப் போட்டுவிட்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். நேராகப் பார்த்தால் வெள்ளிச் சாம்பல். சாய்த்தால் ஓரத்தில் பழுப்பேறின ஒரு மஞ்சள். இந்தச் சாம்பலை அவளுக்குத் தெரியும். இதோடு அவள் மல்லுக்கட்டியிருக்கிறாள். மூன்று அட்டை வீணாயிற்று. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்த வாரம் அது. "பார்க்கிங் தூண்ல உரசிட்டேம்மா, பம்பரை மட்டும் பார்த்துக் குடு" என்று வண்டியைக் கொண்டுவந்து விட்டவர், அண்ணியின் வீட்டுக்காரர். "அப்படியே என் வண்டியையும் குட்டியா ஒண்ணு பண்ணிக் குடேன்" என்று சிரித்தவரும் அவர்தான்.

அவள் ஸ்குரூடிரைவரை எடுத்துவந்து பேனலைக் கழற்ற ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு அவர் நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"விக்கிறதுன்னா முழுசா வில்லு. கறிக்கடை மாதிரி கூறு போட்டு விக்காத."

அவள் கடைசி ஸ்குரூவையும் கழற்றினாள். பேனலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நாலு வீட்டைக் கடப்பதற்குள் எட்டு மாதமும் தலைக்குள் ஓடியது. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்த ஆள். "வயசாகுதுல்ல, தம்பி, ஒத்துக்க" என்று தோளைத் தட்டிய ஆள். தலைசுத்தலுக்குக் காது டாக்டரைப் பார்க்கலாம் என்று தன் காரிலேயே, அந்தக் காரிலேயே, கூட்டிக்கொண்டு போன ஆள்.

அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் சோபாவில் காலை நீட்டியிருந்தார்.

"வாம்மா. என்னது, வண்டிய உரிச்சு எடுத்துட்டு வந்துட்டியா?"

அவள் நேராக டி.வி. மேசைக்குப் போய்ச் சின்னக் காரை எடுத்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். வெளிச்சம் விழுந்ததும் காரின் பக்கவாட்டைப் பேனலின் கீறலோடு ஒட்டிப் பிடித்தாள். நேராகப் பிடித்தாள். மெல்லச் சாய்த்தாள். இரண்டும் சேர்ந்தே வெளுத்தன, சேர்ந்தே பழுத்தன.

"அண்ணி, இங்க வாங்க. அந்தக் கத்தியக் கீழ வெச்சிட்டு வாங்க. நான் இருக்கிற கோவத்துக்கு அது பக்கத்துல வேண்டாம்."

"என்னடி ஆச்சு?"

"இது உங்க தம்பி வண்டி. இது உங்க வீட்டு வண்டி. ரெண்டையும் பாருங்க."

அண்ணி பார்த்தார். சோபாவிலிருந்து கால் இறங்கியது.

"இந்தக் கலர்ல ஊருக்குள்ள ஆயிரம் வண்டி ஓடுதும்மா" என்றார் அவர்.

"ஓடுது. அது கம்பெனி கலரு. இது உங்க கலரு. ஒன்பது வருஷமா ஒரு நிழல்ல நிறுத்தாம வெயில்ல காயப்போட்டீங்கல்ல, அந்தக் கலரு. கம்பெனி கணக்குக்கு மேல நான் மூணு சொட்டு மஞ்சள் விட்டேன். மூணாவது சொட்டை விடலாமா வேண்டாமான்னு அரை மணி நேரம் நின்னேன். அந்த மூணாவது சொட்டு என் வீட்டுக்காரர் வண்டியில எப்படி வந்துச்சு? சொல்லுங்க."

 அண்ணிதான் மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கு விடியக்காலம் ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்தீங்களே?"

"மழைம்மா. கேட்டுலேர்ந்து ரிவர்ஸ் எடுத்தேன். பின்னாடி என்னமோ தட்டுச்சு. குப்பைத்தொட்டின்னு நெனச்சேன்."

"இறங்கிப் பார்க்கலையா?"

"ரயிலுக்கு நேரமாயிடுச்சு."

"சரி. குப்பைத்தொட்டி கால் ஒடைஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்குதுன்னு எப்ப தெரிஞ்சது?" என்றாள் அவள்.

 "அன்னிக்கு சாயங்காலம்."

"மூணாம் நாள் பம்பரை என்கிட்ட கொண்டுவந்தீங்க. என் புருஷன இடிச்ச தழும்ப என் கையாலயே பூசி மறைக்க வெச்சீங்க. அதுக்கு மேல பொம்மை வேற கேட்டீங்க!"

"பயம்மா. சொல்லலாம் சொல்லலாம்னு நாள் ஓடிப்போச்சு. இப்ப என்ன, குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சுக்கலாம். டிப்போ வரைக்கும் எதுக்கு..."

அவள் வாயைத் திறக்குமுன் அண்ணி அவருடைய செருப்பைக் காலால் அவர் முன்னால் தள்ளினார். "போடுங்க. நடங்க."

வீட்டில் கணவர் வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் வரிசையாக வருவதைப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். அண்ணியின் வீட்டுக்காரர் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். தரையைப் பார்த்துச் சொன்னதும் அண்ணி, "அவன் மூஞ்சி மேல இருக்கு" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

கேட்டு முடித்தபின் டிரைவர் கேட்டது ஒரே கேள்வி. "ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடி பார்த்தீங்களா, அத்தான்?"

"இல்ல."

"ம்."

டிரைவர் எழுந்து உள்ளே போனார். பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார். அண்ணியின் வீட்டுக்காரர் நடந்ததை டிப்போவுக்கு எழுதிக் கொடுத்தார். முதல் காகிதம் அடித்தல் திருத்தலில் வீணாயிற்று. கையெழுத்துப் போட்டதும் அவர் தண்ணீர் கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. அண்ணி அவரைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அவருக்கு மூன்றடி முன்னால் நடந்தார்.

அவர்கள் போனபின் கணவர், பேனலோடு அவள் கொண்டுவந்திருந்த சின்னக் காரைக் கையில் எடுத்தார். சக்கரத்தை உருட்டினார். கவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அடியில் இருந்ததைப் படித்தார்.

"தேதி போட்டிருக்க."

"ம்."

"அந்தாளு சொன்ன பொய்க்கு நம்பர் குடுத்து, தேதி போட்டு, கிளியர் அடிச்சு, பளபளன்னு வெச்சிருக்க. நான் சொன்ன நெசத்த வெக்க உன் அலமாரியில எடமில்ல."

குரலை அவர் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

"டாக்டர்கிட்ட தலைசுத்தல்னு சொன்னது நான்தான்" என்றாள்.

"தெரியும்."

"எப்படி?"

"டிப்போ பேப்பர்ல இருக்கு. 'மனைவி கூறியபடி'ன்னு. டைப் அடிச்சே குடுத்தாங்க."

எட்டு மாதமாக அதை மடித்து வைத்துக்கொண்டு, அவள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, மீட்டர் பார்க்க வருகிறவனிடமெல்லாம் காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். அவளுக்கு அண்ணியின் வீட்டுக்காரர்மேல் இருந்த கோபம் குறையவில்லை. ஆனால் அதை வைத்துக்கொள்ள இப்போது கை காலியாக இல்லை; அதில் தன் தப்பு இருந்தது.

"கேட்டிருக்கலாம்ல என்னை?"

"கேட்டா என்ன சொல்லியிருப்ப? ரெண்டு தடவை பார்த்தேன், ரெண்டு தடவைன்னு சொன்னேன்னு சொல்லியிருப்ப."

அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

அவர் எழுந்து உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் எட்டு மாதமாக ஆணியில் தொங்கிய டியூட்டிப் பையை எடுத்துத் தூசி தட்டினார். கடிதத்தை மடித்து உள்ளே வைத்தார். சின்னக் காரை ஒரு துண்டில் சுற்றி அதன்மேல் வைத்தார். பேனல் பைக்குள் போகவில்லை. அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு லீவு சொல்லு. டிப்போவுக்கு நீயும் வர்ற."

"வந்து?"

"அன்னிக்கு டாக்டர்கிட்ட சொன்னீல்ல. அதே மாதிரி இந்தக் கலர் கதையையும் அங்க சொல்லு. ஒரு சொட்டு கொறையாம."

அவள் பேனலை மடியில் வைத்துக்கொண்டு, கீறலின் மேல் கை படாமல் பிடித்துக்கொண்டாள்.