பஸ்ஸில் பாதி பார்த்த தூதர் படம்

திருப்பாதிரிப்புலியூர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் என் மனைவிக்கு நான் அடிக்கடி போன் செய்கிறேன் என்பதுதான் சண்டை. பஸ் கிடைத்ததா, சாப்பிட்டாளா என்று கேட்பது ஒரு குற்றமா? கடை முதலாளி எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தாராம். சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. பேசி அழைத்துவர என் தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு கடலூரில் பஸ் ஏறினேன்.

என்ன பேசுவது என்று வழியில் முடிவு செய்யலாம் என்றிருந்தேன். பஸ்ஸில் படம் போட்டுவிட்டார்கள். தமிழில் குரல் கொடுத்த வெளிநாட்டுப் படம். துப்பாக்கிக்காரர்கள் ஒரு கட்டடத்தில் ஆட்களைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். அவர்களை மீட்க ஒரு தூதர் போனில் பேரம் பேசுகிறார்.

"மாமா, போனதும் மொதல்ல என்ன சொல்லப் போறீங்க?"

"இரு மாப்ள, இப்பத்தான் அவன் கூப்புடுறான்."

ஆலப்பாக்கம் போயிற்று, புதுச்சத்திரம் போயிற்று. மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தத் தூதரோ மணி அடிக்க அடிக்க போனை எடுக்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே உயிர்கள் கிடக்க, எடுத்துத் தொலைத்தால் என்ன? அதற்குள் சிதம்பரம் வந்துவிட்டது.

மாமனார் வீட்டில் காபி வந்தது. மாமா தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, வர்ற வழியில ஒரு படம் பாத்தேன் பாருங்க..."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சொம்பைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு முழுக் கதையையும் சொன்னார். மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்கு முகம் கொடுக்காத மனைவிகூட கதவோரம் வந்து நின்றாள்.

"அப்பறம்? உட்டுட்டாங்களா?" என்று கேட்டாள்.

"எங்க உட்டாங்க, அதுக்குள்ள பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சிம்மா. அந்தாளு போனையே எடுக்கல."

"ஏன் எடுக்கலியாம்?"

"எந்நேரமும் பேசிக்கினே இருந்தா பேச்சுக்கு ஏது மதிப்பு?" என்றவர் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம வர்றேன் மாமா. அதுவரைக்கும் இவுரு போன் பண்ணக் கூடாது. பண்ணா வரமாட்டேன்."

"ஊருக்குப் போய்ச் சேந்தோம்னாவது சொல்ல வேணாமா?" என்றேன்.

"வேணாம்."

திரும்பும் பஸ்ஸில் படமில்லை. போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பொறுக்க முடியாமல் அதை மாமாவின் சட்டைப்பையில் திணித்தேன். ஞாயிறு வரை அவரிடமே இருக்கட்டும்.

"கடைசியில அந்தாளு போன எடுத்துருப்பானா மாப்ள?" என்று ஆரம்பித்தார் மாமா.