பச்சை போன கரைக்கு ஒரு மனு

"கரையில் பல வருடங்களாக இருந்த பசுமை, சாக்கடைக் குழாயை அடைத்த பிறகு மறைந்துவிட்டது. ஆகவே குழாயை மீண்டும் திறந்துவிட வேண்டுகிறோம்."

கொல்கத்தாவின் கிடர்பூரில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படிச் சுவரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒட்டப்பட்டிருந்த மனு. கீழே பதினோரு கையெழுத்துகள். தேதி இல்லை. நான் பென்சிலால் போட்டேன்.

கட்டடத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் கங்கையின் ஓதம் தினம் இரண்டு முறை ஏறி இறங்கும். இறங்கினால் சேற்றுத் திட்டு தெரியும். சாக்கடை விழுந்த காலத்தில் அதன் உரத்தில் கொழுத்த பாசி திட்டு முழுவதையும் பச்சையாக மூடிக் கிடந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டால் அழகுதான். குழாயை அடைத்ததும் அது பட்டினியால் போனது. அந்த இடத்தில் இப்போது பழுப்புப் பொன்னிறத்தில் ஒரு மெல்லிய படலம். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்பாசிகள். நான் படித்தவரை, சேறு தேறிவருவதன் அடையாளம் அது. வெயிலில் நீர் வற்றியதும் மேலே ஊர்ந்து வரும், தண்ணீர் ஏறுமுன் சேற்றுக்குள் இறங்கிவிடும். அதன் வருகையை ஒன்றரை வருடமாக நேரத்தோடு குறித்துவருகிறேன்.

குழாய் வாயருகே இட்லிக் கடை வைத்திருப்பவர் திருநெல்வேலிக்காரர். நாற்றம் போன பிறகுதான் கடையின் பின்பக்கம் இரண்டு பெஞ்சு போட்டார். குழாய் திறந்தால் இரண்டும் வீண்.

"அண்ணாச்சி, அந்தப் படலம் உசுருள்ளதுன்னு கமிட்டித் தலைவர்ட்ட நீங்கதான் சொல்லணும்" என்றார் என்னிடம்.

"சொல்லியாச்சு. உசுர் இருந்தா அது எனக்கு நமஸ்கார் சொல்லட்டும்ங்கிறார்."

"அப்பம் கூட்டிட்டு வந்து கண்ணால காட்டுங்க."

மனுவை எழுதிய குடியிருப்புக் கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற வங்காளி. முதல் முறை பகல் தூக்கம் முடிந்து வந்தார். கால்வாய் நிரம்பி இருந்தது. "பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிட்டார். அடுத்த முறை என் குறிப்பேட்டின்படி சரியான நேரத்தில் அழைத்துவந்தேன். நல்ல வெயில். படலம் முழுவதும் பொடிப் பொடியாகக் குமிழ்கள்.

"ஜொல் ஃபுட்ச்சே!" என்று அலறினார். தண்ணீர் கொதிக்கிறதாம்.

"அது பாசி விடுற ஆக்ஸிஜன், தாதா" என்றேன் எனக்குத் தெரிந்த வங்காளத்தில்.

"ஆக்ஸிஜன் சிலிண்டரில் அல்லவா வரும்?" என்று கேட்டபடி மூக்கைப் பொத்திக்கொண்டார். நாற்றமே இல்லை. மனுவில் 'சேறு கொதிக்கிறது' என்று ஒரு வரி கூடியது.

திங்கட்கிழமை தலைவர் மனுவைச் சுவரிலிருந்து எடுத்துப்போய் வார்டு அலுவலகத்தில் கொடுப்பதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கடைக்காரர் பிளாஸ்டிக் புல் பாய் ஒன்றை வாங்கி வந்து, பெஞ்சடியிலிருந்து தண்ணீர் விளிம்பு வரை விரித்து ஆணி அடித்தார். தலைவர் வந்தார், உட்கார்ந்தார், வடை தின்றார். பச்சையை நெடுநேரம் பார்த்தார்.

"ஃபிரே எஷேச்சே" என்றார். திரும்பி வந்துவிட்டதாம். பையிலிருந்த மனுவை எடுத்து, அதில் கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். என் பென்சில் தேதியும் அதோடு போயிற்று.

"ஒன்றரை வருசமா நீங்க எழுதுனிய" என்றார் கடைக்காரர். "நான் எட்டடிப் பாய் வாங்குனேன். அவ்வளவுதான் அண்ணாச்சி."

குழாய் அடைத்தபடியே இருக்கிறது. போன வாரம் நீர் வற்றியபோது, கரையின் கடைசிச் செங்கல்லில் விரல் நீளத்துக்குச் சில பச்சை இழைகள் கண்டேன். நேரத்தைக் குறித்தேன். சரியாக அதற்கு மேலேதான் பாயின் ஓரம் பிய்ந்து தொங்குகிறது. சேறு முழங்கால் வரை இழுத்ததால் கிட்டே போக முடியவில்லை. அவை சாக்கடை இல்லாமலே மீண்டு வந்த பாசியா, பாயிலிருந்து உதிர்ந்த நாரா என்பதை இன்னும் சரிபார்க்கவில்லை.