சூரியன் மேல் பிராது

ரோட்ஸ் துறைமுகத்தில் கப்பல் பாய் தைக்கிற தாமரேத்தாவுக்கும் அதே துறைமுகத்தில் நின்ற சூரியன் சிலைக்கும் ஒரே வயது. அவள் அப்பன் அந்தச் சிலைக்கு மண் சுமந்தவன். வெண்கலத்தை வார்க்க வார்க்க, அடுத்த துண்டை வார்க்கிறவர்கள் ஏறி நிற்பதற்காகச் சுற்றிலும் மண்ணைக் குவித்துக்கொண்டே போனார்கள். பன்னிரண்டு வருஷத்தில் சிலை முழுவதும் ஒரு குன்றுக்குள் புதைந்துவிட்டது. பிறகு மண்ணை அள்ள அள்ள, எங்கள் சூரியசாமி ஹீலியோஸ் தலையில் ஆரம்பித்து மேலிருந்து கீழாக வெளியே வந்தார். பாதம் தெரிந்த வாரத்தில் தாமரேத்தா பிறந்தாள். "எம்மவளுக்கும் தலை முதல்ல, அழுகை அப்புறம், வாய் எப்பவும்" என்று அப்பன் சொல்லுவானாம்.

வாய் உண்மைதான். தையல் நெருக்கமாக இருக்கிறது, காற்றுப் பிடிக்காது என்று ஒரு கப்பல் தலைவன் குறை சொன்னபோது, "அப்போ உன் வேட்டியைக் கழட்டிக் கட்டிக்கிட்டுப் போ, நல்லாப் பிடிக்கும்" என்று துறைமுகமே கேட்கச் சொன்னவள் அவள். அந்த வாய்க்கு வாய்த்தவன் நிகாசியோன், வாயே திறக்காதவன். கப்பல் பலகைகளின் இடுக்கில் உளியால் நார் திணித்துக் கீல் பூசுகிற வேலை. முப்பத்தைந்து வருஷம் அவள் பேசினாள், அவன் கேட்டான். பெண்கள் இரண்டு பேரையும் லிண்டோஸ் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நிகாசியோன் மத்தியானச் சாப்பாட்டைச் சிலையின் நிழலில்தான் சாப்பிடுவான். துறைமுகத்தின் அந்த மூலையில் வேறு நிழல் கிடையாது. வெயிலுக்குப் பயந்து சூரியனிடமே ஒண்டியவன். அன்றைக்கும் ரொட்டி, வெங்காயம், நாலு ஆலிவ். "தண்ணி கொண்டா" என்றான். அவள் முணுமுணுத்துக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். குடம் பாதி நிறைவதற்குள் தரை ஆடியது. திரும்பிப் பார்த்தபோது இருபது ஆள் உயரத் தெய்வம் முழங்காலில் ஒடிந்து சாய்ந்துகொண்டிருந்தது. வலது உள்ளங்கை நிகாசியோன் மேல் விழுந்தது.

ஊரில் பாதி வீடு இடிந்தது. தெரு தெருவாகச் சாவு. ஆனாலும் மற்ற வீட்டுப் பிணங்களைக் கல்லை நகர்த்தி எடுத்து அடக்கம் செய்தார்கள். தாமரேத்தாவின் புருஷனை மட்டும் எடுக்கவில்லை. சிலையை மறுபடி நிறுத்தலாமா என்று டெல்ஃபி கோயிலுக்கு ஆள் அனுப்பிக் குறி கேட்டார்கள். விழுந்ததை எழுப்பாதே என்று குறி வந்தது. பயந்துபோன சபை, அதற்கு ஒரு படி மேலே போய், சிலை கிடக்கும் இடத்தில் ஒரு கூழாங்கல்லைக்கூட யாரும் அசைக்கக் கூடாது என்று கட்டளை போட்டது.

யானை படுத்தாலும் குதிரை மட்டம். கிடந்த கோலத்திலேயே சிலையைப் பார்க்கக் கப்பல் கப்பலாக ஆள் வந்தது. கட்டைவிரலைக் கட்டிப் பிடித்துக் கை எட்டுகிறதா என்று பந்தயம் கட்டிச் சிரித்தார்கள். அந்தக் கைக்கு அடியில் ஒருவன் அடக்கம் ஆகாமல் கிடக்கிறான் என்று அவர்களுக்கு யார் சொல்வது? செத்தவர்கள் தாண்ட வேண்டிய ஆறு ஒன்று உண்டு, அடக்கம் ஆகாதவனை அதன் அந்தக் கரைக்குப் படகு ஏற்றாது. ஆற்றங்கரையிலேயே நின்று அலைவான். வாயில்லாத மனுஷன், படகுக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட மாட்டான் என்று நினைத்தபோதுதான் தாமரேத்தாவுக்குக் கோபம் வந்தது. துக்கத்தை அவள் ஒதுக்கி வைத்துவிட்டாள். எலும்பு கைக்கு வந்தபின் அழுதுகொள்ளலாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் அநியாயமாகச் செத்து, கொன்றவனைப் பிடிக்க வழியில்லை என்றால், செத்தவனின் உறவு வெட்டவெளியில் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் சூரியனுக்குக் காட்டிப் பிராது சொல்லும். எல்லார் கூரைக்கும் மேலே தினமும் போகிறவர், அவர் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை. பார்த்தவரே கேட்கட்டும் என்று. அப்படித் தூக்கிய கையை யாரும் தொடமாட்டார்கள். அரசனே ஆனாலும் தள்ளி நின்றுதான் பேச வேண்டும்.

ஒருநாள் உச்சிவேளையில் தாமரேத்தா சிலையின் உள்ளங்கை அருகே போய் நின்றாள். கையைத் தூக்கினாள்.

"எல்லாம் பார்க்கிறவரே! எம்புருஷன் நிகாசியோனைக் கொன்னது யாருன்னு உங்களுக்குத் தெரியும். நீங்கதான் கொன்னீங்க. நீங்கதான் சாட்சி. நீங்களே நியாயம் சொல்லுங்க. அவன் எலும்பை எனக்குக் குடுங்க!"

வேலியே பயிரை மேய்ந்தது என்று மனதுக்குள் பொருமலாம். வேலியின் முகத்துக்கு நேராகவா சொல்வார்கள்? கூட உட்கார்ந்து பாய் தைக்கிற பில்தோ ஓடி வந்தாள்.

"ஏண்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? திருடங்கிட்டயே போயித் திருட்டுப் பிராது குடுக்கறே?"

"வேற யாருகிட்டக் குடுக்கறது? அன்னிக்கு அவரு ஒருத்தர்தானே பார்த்தாரு."

"கோவிச்சுக்கிட்டார்னா?"

"இன்னொரு சிலையைத் தள்ளட்டும். இருந்தாத்தானே தள்ளறதுக்கு!"

அன்று தொடங்கியது மூன்று வருஷம் போயிற்று. காலையில் பாய், உச்சியில் பிராது, அப்புறம் மறுபடி பாய். மழை நாளில்கூட மேகத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். பைத்தியம் என்றார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

நான்காம் வருஷம் சூரியன் கோயிலுக்கு ஆர்கினோஸ் பூசாரியாக வந்தார். பெரிய வீட்டுப் பிள்ளை, நாற்பது வயது, நல்லவர், பயந்தவர். எங்கள் ஊரில் சூரியன் பூசாரி பதவி ஒரு வருஷம்தான். ஆனால் அந்த வருஷத்துக்கே அவர் பெயர்தான். அந்த வருஷம் சுட்ட ஒயின் ஜாடிகளின் பிடியில் எல்லாம் அவர் பெயர் முத்திரையாக விழும். தன் வருஷத்தில் திருவிழா குறையில்லாமல் நடக்க வேண்டும் என்பது அவர் கவலை. நிலநடுக்கத்துக்கு உதவி அனுப்பிய அரசர்களின் தூதர்கள் எல்லாம் அந்தத் திருவிழாவுக்கு வருகிறார்கள். பத்து நாள் முன்பாக அவரே பாய்க் கொட்டகைக்கு வந்தார்.

"அம்மா, திருவிழா முடியற வரைக்கும் கையைக் கொஞ்சம் கீழ போடக் கூடாதா?"

"எலும்பைக் குடுங்க, இப்பவே போட்டுடறேன்." அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சாமி கையே உம்புருஷனுக்குச் சமாதி. எந்த ராஜாவுக்கு அப்பேர்ப்பட்ட சமாதி கிடைக்கும், சொல்லு?"

"சமாதின்னா பேரு இருக்கணுங்க ஐயா. அங்க யாரு பேரு இருக்கு? உங்க பேரு ஆயிரம் ஜாடியில இருக்கு. அவன் பேரு ஒரு கல்லுல இருக்கட்டுமேன்னு கேக்கறேன்."

"சிலையைத் தூக்கக் கூடாதுன்னு குறி இருக்கே, அம்மா."

"தூக்கவே வேண்டாங்க. கரை ஏத்தின கப்பலுக்கு முட்டுக் குடுக்கறோமில்ல, அப்படி அந்தக் கைக்கு முட்டுக் குடுத்துட்டு அடியில தோண்டலாம். எங்கப்பன் கூடை கூடையா மண்ணு கொட்டி எழுப்பின சாமி. அந்த மண்ணுல நாலு கூடை அள்ள எனக்கு உரிமை இல்லையா?"

ஆர்கினோஸ் நெற்றியைத் தேய்த்தார். "ஒரு விரல்கடை இறங்கிச்சுன்னாலும் ஊரு என்னைக் கொன்னுபோடும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்" என்றாள் தாமரேத்தா, அவர் காதில் விழுகிற தூரத்திலேயே.

திருவிழா வந்தது. விளையாட்டு, பாட்டு, எல்லாம் முடிந்து கடைசி நாள் தேர் விடுவது. நான்கு வெள்ளைக் குதிரை பூட்டிய தேரைக் கடலுக்குள் இறக்கிச் சூரியனுக்குக் கொடுப்போம். வருஷம் முழுக்க ஓடி அவருடைய குதிரைகள் களைத்திருக்கும், புதுசு வேண்டாமா? உச்சிப்பொழுதில், அவர் நேர் மேலே நிற்கும்போது தேர் தண்ணீரைத் தொட வேண்டும். கடலுக்குப் போகிற பாதை சிலையின் உள்ளங்கையை ஒட்டிப் போகிறது. அந்தப் பாதை நடுவில், கையைத் தூக்கிக்கொண்டு தாமரேத்தா நின்றாள்.

குதிரைகள் நின்றன. தடி வைத்திருந்த காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தூக்கிய கையை யார் தொடுவது? பட்டும் பொன்னுமாக நின்ற தூதர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆர்கினோஸ் வியர்த்து விறுவிறுத்து முன்னால் வந்தார்.

"வழிய விடும்மா! நேரமாகுது! சாமி காரியம்!"

"நானும் சாமிகிட்டத்தான் பேசிட்டிருக்கேன். அவரு முடிக்கட்டும், விடறேன்."

"அவர்கிட்டயே மல்லுக்கு நிக்கறியே, உனக்குப் பயமே இல்லையா?"

"அவர்கிட்டதாங்க கத்துக்கிட்டேன்!" அவள் குரல் அலைச்சத்தத்துக்கு மேலே ஏறியது. "சாமிங்க எல்லாம் உலகத்தைப் பங்கு போட்டப்போ இவரு வேலைக்குப் போயிருந்தாரு. ஒருத்தரும் இவரை நினைக்கலை, இவருக்குப் பங்கே வைக்கலை. சாயங்காலம் வந்து பார்த்துட்டு, சரி போகட்டும்னு போய்ப் படுத்தாரா? பெரிய சாமி முன்னாடி நின்னு எம்பங்கு எங்கேன்னு கேட்டாரு. கேட்டதுனாலதான் கடலுக்குள்ளயிருந்து இந்த ஊரு எழும்பி வந்துச்சு. நாம நிக்கற இந்த மண்ணே அவரு கேட்டு வாங்கின பங்கு! எம்புருஷனும் வேலைக்குப் போனவன்தான். அவன் பங்கை நான் கேட்டா மட்டும் தப்பா?"

கூட்டத்தில் சலசலப்பு. அவள் விடவில்லை.

"இவரு பையன் தேரோட்டத் தெரியாம ஓட்டி, விழுந்து செத்தானே, அன்னிக்கு இவரு என்ன பண்ணாரு? குதிரையை அவுத்துவிட்டுட்டு, போங்கடா நீங்களும் உங்க உலகமும்னு வீட்டுல உக்காந்துட்டாரு. ஒருநாள் முழுக்க உலகமே இருட்டு. அவரை யாராவது போயி, திருவிழா கெடுது, எந்திரிங்கன்னு சொன்னீங்களா? தன் பிள்ளைக்காக உலகத்தையே நிறுத்தினவருய்யா அவரு. எம்புருஷனுக்காக நான் ஒரு தேரை நிறுத்தறேன். அவருக்குப் புரியும். உங்களுக்குத்தான் புரியலை!"

குதிரைகளின் நிழல் சுருங்கி வயிற்றுக்கு அடியில் வந்துவிட்டது. ஐம்பத்தேழு வயதுக் கைகள் நடுங்கத் தொடங்கின. அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு பில்தோ வந்தாள். பக்கத்தில் நின்று தன் இரண்டு கையையும் தூக்கினாள்.

"எனக்கு ஒரு பிராதும் இல்லை சாமி" என்று வானத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "இந்தக் கிறுக்கிக்குக் கை வலிக்குது. அதான் தூக்கறேன்."

கீல் பூசுகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "தோண்ட விடுங்கய்யா! முட்டுக்கட்டை நாங்க தர்றோம்!" என்றது. பிறகு பல குரல்கள். ஆர்கினோஸ் மேலே பார்த்தார், தூதர்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சரி, தோண்டிக்கோ. இப்ப வழி விடு."

"என்கிட்டச் சொல்லாதீங்க. அவர்கிட்டச் சொல்லுங்க."

பூசாரி கையைத் தூக்கினார். ஊர் பார்க்க, தூதர்கள் பார்க்க, சூரியன் பெயரில் சத்தியம் செய்தார். அவள் விலகினாள். தேர் சற்றுத் தாமதமாகத்தான் கடலில் இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. சூரியன் அன்றைக்கும் வழக்கமான இடத்தில்தான் அஸ்தமித்தார்.

மறுநாள் விடிந்ததும் நாற்பது முட்டுக்கட்டை வந்தது. நிகாசியோனோடு வேலை செய்தவர்கள் தெய்வத்தின் கையைத் தாங்கலில் நிறுத்தினார்கள். கடைசி நாலு கூடை மண்ணைத் தாமரேத்தாவே அள்ளினாள். எலும்பு தெரிந்தது. இடுப்போரம் அவனுடைய உளி. அதன் பிடியில் அவள் எப்போதோ சுற்றிக் கொடுத்த பாய்நூல் இன்னும் அவிழவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, மூன்று வருஷம் ஒதுக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அழுதாள். "தண்ணி கொண்டு வர்றதுக்குள்ள இப்படிப் பண்ணிட்டியே, இப்படிப் பண்ணிட்டியே" என்று அவனைத் திட்டித் திட்டி அழுதாள். சிலையின் கை ஒரு நெல்மணி அளவுகூட இறங்கவில்லை.

புதுப் பாய்த்துணியில் எலும்புகளை வைத்துத் தைத்தாள், நெருக்கமான தையல். ஊருக்கு வெளியே பாதையோரம் அடக்கம் செய்து, கல்லில் பெயர் வெட்டினார்கள். முதலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். அப்புறம் ஒயின். ஆர்கினோஸும் வந்திருந்தார். சூரியனுக்கு வார்ப்பதற்காக ஒரு கிண்ணம் தேன்தண்ணீரை அவளிடம் நீட்டினார். சூரியனுக்கு ஒயின் வார்ப்பதில்லை, தேரோட்டுகிறவர் அல்லவா?

"ஊத்தும்மா. சாமி உன்னை மன்னிச்சுட்டாரு. பாரு, கை இறங்கவே இல்லை."

தாமரேத்தா கிண்ணத்தை வாங்கவில்லை.

"அவரு என்னை மன்னிக்கறதா? நான் அவரை மன்னிச்சேனான்னு கேளுங்க."

பூசாரி கிண்ணத்தைக் கீழே இறக்கினார். "மன்னிச்சுட்டியா?"

அவள் நிமிர்ந்து சூரியனை நேராகப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டும் வரைக்கும் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன். நாளைக்கும் இந்த வழியாத்தானே அவரு வேலைக்குப் போகணும்" என்றாள்.