தப்பெல்லாம் பொம்மையோடது

என் எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும். வகுப்புத் தோழர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். டீ ஃபேக்டரி அடுப்புக்கு விறகு தள்ளிய கை, பேனா பிடிக்க இப்போதுதான் பழகுகிறது.

வசந்தா டீச்சர் இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. குன்னூர் மார்க்கெட் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். இத்தனை காலம் சாவுச் செய்தியெல்லாம் பிறர் வாயால்தான் கேட்டிருக்கிறேன். முதன்முதலாக நானே படித்தது அவருடையது. அழுதுகொண்டே இன்னொரு முறை படித்தேன். ஒரு எழுத்தும் தடுக்கவில்லை. டீச்சர் இருந்திருந்தால் அதற்கும் கைதட்டியிருப்பார்.

ஊட்டியில் ஒரு பள்ளியில் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஓய்வு பெற்றபின் நம் எஸ்டேட் கிளப்பில், எழுதப் படிக்கத் தெரியாத நமக்கு வகுப்பு நடத்தினார். சிறுவன் வளர்ந்து ஆளாகும் கதைகள் ஜெர்மனில் நிறைய உண்டு, அவற்றில் பலவற்றில் ஒரு பொம்மை வரும் என்பார். பொம்மலாட்டப் பெட்டியே கதியென்று கிடக்கும் பையன், ஒரு நாள் திரையைத் தூக்கி, பின்னால் நூல் பிடித்திருக்கும் கையைப் பார்த்துவிடுவான். "அன்னிக்குத்தான் அவன் வளர ஆரம்பிக்கிறானுங்க."

நமக்கோ வாய்விட்டுப் படிக்க வெட்கம். டீச்சர் பழைய கம்பளி சாக்ஸில் பொத்தான் கண் தைத்து, ஆளுக்கொரு கைப்பொம்மை கொடுத்தார். படிப்பது பொம்மை, நாம் இல்லை. "தப்பு வந்தா பொம்மையோடதுங்க. சரியாப் படிச்சா உங்களோடது." நான் என் பொம்மைக்கென்று ஒரு கீச்சுக்குரல் வைத்திருந்தேன். வகுப்பில் சரசக்கா கிண்டல் செய்தது நினைவிருக்கும்: "ஏனுங்ண்ணா, உங்க பொம்மைக்குப் பல்லே இல்லீங்களா, பாதி எழுத்தை முழுங்குது?"

அந்த ஜெர்மன் கதைகளைப் போல ஒரு நாவலை டீச்சர் தமிழில் எழுதி முடித்தபோது அவருக்குப் பார்வை போய்விட்டது. உடம்பும் தளர்ந்துகொண்டே வந்தது. கடைசி அத்தியாயத்தைக் காதால் கேட்க ஆசைப்பட்டார். என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"வேற ஆளு பாருங்க டீச்சர். நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள..." என்று இழுத்தேன்.

"நான் போயிருவேன்னுதானுங்க? அப்ப வேகமாப் படிங்க" என்று சிரித்தார்.

பொம்மையை மாட்டிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தேன். கதையில் பையன் பொம்மைப் பெட்டியை மூடிவிட்டு ஊரைவிட்டுக் கிளம்புகிறான். அம்மா கூப்பிடுகிறாள். திரும்பினானா? அங்கே பக்கம் முடிந்துவிட்டது. சாக்ஸுக்குள் இருந்த விரலால் தாளைப் புரட்ட முடியவில்லை. பல்லால் இழுத்துக் கழற்றி எறிந்துவிட்டு, கடைசி வரி வரைக்கும் நிறுத்தாமல் படித்தேன். கீச்சுக்குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. "பொம்மை எங்கீங்ண்ணா?"

"கீழ கெடக்குதுங்க."

"அந்தக் கதைப் பசங்களுக்கு ஆளாகறதுக்கு ஒரு நாவல் பூரா வேணுங்க. உங்களுக்கு ஒரு பக்கம் போதுமாட்ட இருக்குது!" தலையணையில் சாய்ந்தபடியே கைதட்டினார்.

அந்த நாவல்களில் ஆளான பையன்கள் பொம்மையைப் பரணில் விட்டுவிடுவார்களாம். நான் விடவில்லை. அது மேசைமேல் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. டீச்சரின் சிரிப்பைப் பற்றி இன்னும் சொல்லவே இல்லை. கைவலி ஆறட்டும், அடுத்த வாரம் அதை எழுதுவேன். இதுவரை எழுதியதில் தப்பிருந்தால் பொம்மையோடது. சரியாக இருப்பதெல்லாம் டீச்சரோடது.